86 டாலரும் 25 லட்சம் டாலரும் - ஒரு கணக்காளரின் போக்கர் கதை

2003 மே மாதம். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 'பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ' என்ற சூதாட்ட விடுதி. உலக போக்கர் பட்டத்துக்காக 839 பேர் சீட்டாட உட்கார்ந்தார்கள். நுழைவுக் கட்டணம் தலைக்கு 10,000 டாலர். பலர் பழம் தின்று கொட்டை போட்ட ஆசாமிகள். அவர்களுக்கு நடுவில் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த 27 வயது கணக்காளர் ஒருவர். பெயர் கிறிஸ் மணிமேக்கர். (புனைபெயர் இல்லை, நிஜப் பெயரே அதுதான்!)

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 1970-ல் பென்னி பினியன் தன் விடுதிக்கு சில பெரிய ஆட்டக்காரர்களை வரவழைத்துத் தொடங்கியதுதான் 'வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்'. முதல் வருடம் ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு ஜானி மாஸ் என்பவரை சாம்பியன் ஆக்கினார்கள். அடுத்த வருடத்திலிருந்து, ஒருவர் கையில் எல்லா சிப்பும் சேரும் வரை ஆட்டம் என்று ஆனது. 1972-ல் கட்டணம் 10,000 டாலர் ஆனது. சாதாரண ஆளுக்கு அது எட்டாத தொகை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பத்து பேர் ஆளுக்கு 1,000 டாலர் போட்டு ஆடுவது, ஜெயிப்பவருக்கு பெரிய போட்டியில் ஒரு இடம். 'சாட்டிலைட்' என்று பெயர். அப்படி உள்ளே வந்து முதலில் பட்டம் வென்றவர் டாம் மெக்இவாய், 1983-ல். அவரும் ஒரு முன்னாள் கணக்காளர்தான். காமர்ஸ் மக்கள் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்!

இதையே இணையம் இன்னும் மலிவாக்கியது. மணிமேக்கர் 'போக்கர்ஸ்டார்ஸ்' தளத்தில் கட்டியது 86 டாலர். அந்த சாட்டிலைட்டின் கடைசி சுற்றில் முதல் மூவருக்கு வேகாஸில் இடம், நான்காமவருக்கு 8,000 டாலர் ரொக்கம். அவருக்குக் கடன் இருந்தது. அதனால் நான்காவதாக வந்து ரொக்கத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தார். நண்பர் பேசிப் பேசி மனதை மாற்றினார். பிறகு வரப்போகும் பரிசில் ஒரு பகுதியை அப்பாவுக்கும் நண்பருக்கும் பங்காக விற்று செலவைச் சமாளித்தார்.

ஆட்டம் இதுதான். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மூடியபடி. மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு - முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்து யாரிடமோ அவருக்குப் பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு.

பத்து பேர் மிச்சமிருந்தபோது மணிமேக்கரும் ஃபில் ஐவி என்ற தொழில்முறை ஆட்டக்காரரும் மோதினார்கள். மணிமேக்கர் கையில் ஏஸ், ராணி. ஐவி கையில் இரண்டு ஒன்பது. மேஜையில் ராணி, ஆறு, ராணி. நான்காவது சீட்டு ஒன்பது! ஐவிக்கு மூன்று ஒன்பது, இரண்டு ராணி. மொத்த சிப்பும் நடுவில் போய்விட்டது. அந்த நேரத்தில் பார்க்காத சீட்டு 44. மணிமேக்கரைக் காப்பாற்றக்கூடியது அதில் ஏழுதான். அதாவது 16 சதவீத வாய்ப்பு. கடைசிச் சீட்டு ஏஸ். ஐவி வெளியே. அவர் செய்த தப்பு என்ன? ஒன்றுமே இல்லை.

கடைசியில் மிஞ்சியது இருவர். எதிரே லெபனானில் பிறந்த சாமி ஃபர்ஹா, வாயில் பற்ற வைக்காத சிகரெட்டோடு. ஒரு ஆட்டத்தில் மணிமேக்கர் கையில் வெறும் ராஜாவும் ஏழும். எதிர்பார்த்த சீட்டு எதுவும் வரவில்லை, ஒரு ஜோடி கூட இல்லை. ஆனாலும் முழுப் பணத்தையும் தள்ளினார். ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி, அதுவே ஜெயிக்கும் கை. பிளஷ் கிடைக்கவில்லை போலிருக்கிறதே என்று வாய்விட்டே சொன்னார். அவர் ஊகம் சரி! ஆனாலும் யோசித்து யோசித்து சீட்டைக் கவிழ்த்துவிட்டார். ஆக, ஐவியை வீழ்த்தியது அதிர்ஷ்டம் என்றால் ஃபர்ஹாவை மடக்கியது துணிச்சல். சற்று நேரத்தில் ஐந்தும் நான்குமாக இருந்த சாதாரணக் கையை வைத்து ஃபர்ஹாவின் ஜாக்கி ஜோடியை வென்றார் மணிமேக்கர். பரிசு 25 லட்சம் டாலர்.

அவருக்கு முன்பும் அமெச்சூர்கள் ஜெயித்ததுண்டு. 1979-ல் ஹால் ஃபௌலர், 2002-ல் ராபர்ட் வர்கோனி. ஆனால் 2003-ல் ஆட்டக்காரர்களின் மூடிய சீட்டையும் காட்டும் கேமராவோடு ஈ.எஸ்.பி.என். விரிவாக ஒளிபரப்பியது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு 'நம்மாலும் முடியும்' என்று தோன்றிவிட்டது. எண்ணிக்கையைப் பாருங்கள்: 2004-ல் 2,576 பேர், 2005-ல் 5,619, 2006-ல் 8,773. மூன்றே வருடத்தில் பத்து மடங்கு!

இப்போது இன்னொரு கணக்கு. 2003-ல் வசூலான 83.9 லட்சம் டாலரில் 7 சதவீதத்தை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் பரிசாகக் கொடுத்தார்கள். பரிசு வாங்கியவர்கள் 63 பேர். 776 பேர் வெறுங்கையோடு போனார்கள். அந்த 776 பேரை எந்தக் கேமராவும் பின்தொடரவில்லை. யார் தோற்றாலும் நடத்துபவருக்கு அந்த 7 சதவீதம் நிச்சயம். 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு மூன்று பெரிய இணையத் தளங்கள் மீது வழக்குப் போட்டபோது, 'ஃபுல் டில்ட்' தளத்தில் ஆட்டக்காரர்கள் போட்டு வைத்திருந்த பணத்தைத் திருப்பித் தர அந்த நிறுவனத்திடம் பணமே இல்லை என்பதும் வெளியே வந்தது.

அப்படியானால் எல்லாமே அதிர்ஷ்டமா? இல்லை. டான் ஹாரிங்டன் என்றொருவர். 1995 சாம்பியன். 2003-ல் 839 பேரில் மூன்றாவது, 2004-ல் 2,576 பேரில் நான்காவது. இது குருட்டு யோகத்தில் நடக்காது. ஆனால் அந்த ஹாரிங்டனாலும் இரண்டாவது பட்டம் வாங்க முடியவில்லை. 1997-ல் ஸ்டூ அங்கர் மூன்றாம் முறை வென்ற பிறகு, 2025 வரை எந்தப் பழைய சாம்பியனும் மறுபடி ஜெயிக்கவில்லை.

தொழில்முறை ஆட்டக்காரர் ஆயிரம் ஆட்டத்தின் சராசரியை நம்பி உட்காருகிறார். அமெச்சூர் ஒரே ஒரு வாரத்தை நம்பி உட்காருகிறார். ஒரு வாரத்தில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம், மணிமேக்கர் நிரூபித்தது அதைத்தான். அவரைப் பார்த்துப் பின்னால் போன ஆயிரக்கணக்கானோர் அந்த ஒரு வாரத்தையே சராசரி என்று எடுத்துக்கொண்டார்கள். கணக்கு அங்கேதான் உதைத்தது...