சக்கரத்திலிருந்து பனிக்கட்டிக்கு

ஒரு கலையைக் கற்றவன் அதனை ஒத்த மற்றொரு கலையை எளிதிற் கற்றுவிடுவான் என்பது உலகில் பரவியுள்ள நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் உண்மை? ஆசிரியர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இக்கேள்விக்கு விளையாட்டு வரலாறு ஒன்று தெளிவான விடை தருகிறது. சக்கரக் காலணியில் ஓடப் பழகியவர்கள் பனிக்கட்டியின் மீது ஓடக் கற்ற வரலாறே அது.

குளிர் மிகுந்த ஐரோப்பிய நாடுகளில் ஏரியும் கால்வாயும் குளிர்காலத்தில் உறைந்து கெட்டிப்படும். காலணியின் அடியில் இரும்பு அலகைப் பொருத்தி அவற்றின் மீது சறுக்கிச் செல்வது ஹாலந்து மக்களின் பழைய வழக்கம். கோடையில் பனிக்கட்டி கரைந்துவிடும்; மக்களின் ஆசை கரையுமா? அந்த ஆசையே சக்கரக் காலணியைத் தோற்றுவித்தது.

பெல்ஜியத்தில் பிறந்த ஜோசப் மெர்லின் என்னும் கருவி வல்லுநர் 1760ஆம் ஆண்டில் லண்டனுக்கு வந்தார். அவர் சக்கரக் காலணி அணிந்து, பிடில் வாசித்த வண்ணம் ஒரு விருந்து மண்டபத்தில் வலம் வந்தாராம். நிறுத்தவோ திரும்பவோ வகையறியாது, விலையுயர்ந்த நிலைக்கண்ணாடி ஒன்றின் மேல் மோதிக் காயமுற்றார் என்று 1825இல் வெளிவந்த நூலொன்று கூறுகிறது. செவிவழிச் செய்தியேயாயினும், நிறுத்தும் வகை அறியாமல் ஓடக் கற்பதன் ஆபத்தை அது நன்கு காட்டுகிறது.

பின்னர், 1819இல் பாரிஸ் நகரில் பெத்திப்ளே என்பவரும், 1823இல் லண்டனில் டயர்ஸ் என்பவரும் சக்கரங்களை ஒரே வரிசையில் அமைத்த காலணிகளுக்குக் காப்புரிமை பெற்றனர். பனிக்கட்டி அலகின் சாயலே அவர்கள் தேடியது. ஆனால், 1863இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிளிம்ப்டன் முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு சக்கரங்களை அமைத்தார். உடலைச் சாய்த்த பக்கம் எளிதாகத் திரும்பியமையால் அதுவே எங்கும் பரவியது. ஒற்றை வரிசைக் காலணி பின்தள்ளப்பட்டது. 1980ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பனிக்கட்டி ஹாக்கி ஆடிய ஓல்சன் சகோதரர்கள் அதற்குப் புத்துயிர் அளித்தனர். கோடையிலும் பயிற்சி விடுபடக் கூடாது என்பதே அவர்கள் நோக்கம்.

அதன் பின்னர், பனியையே அறியாத ஊர்களில் சக்கரத்தில் வளர்ந்தவர்கள் பனிக்கட்டியை நாடினர். கலிபோர்னியாவின் டெரிக் பாரா 2002ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரை 1 நிமிடம் 43.95 விநாடியில் ஓடி, உலக சாதனையோடு தங்கம் வென்றார். அவ்வெற்றியைத் தொலைக்காட்சியில் கண்ட டெக்சாஸ் வீரர் சாட் ஹெட்ரிக், சக்கரத்தில் தாம் பெற்றிருந்த பெரும்புகழை விட்டுப் பனிக்கட்டியில் இறங்கி, 2006இல் டூரின் நகரில் 5,000 மீட்டர் தங்கத்தைப் பெற்றார்.

இவர்கள் தம்முடன் கொண்டு சென்றது யாது? முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்றல், பக்கவாட்டில் உந்துதல், ஒற்றைக்காலில் உடற்பாரத்தைத் தாங்குதல், வளைவில் காலுக்கு மேல் காலை மாற்றி வைத்தல் ஆகியவை. இவை இரண்டுக்கும் பொது. ஆனால் சக்கரம் தரையைப் பற்றிக்கொள்ளும். அலகின் விளிம்போ சரியான சாய்வில் பனிக்கட்டியிற் பதிந்தாலன்றி உந்துதல் வீணாகும். சக்கரக் காலணியில் குதிகாலின் பின்னுள்ள ரப்பர்க் கட்டையைத் தரையில் அழுத்தி நிற்கலாம். பனிக்கட்டியிலோ அலகைக் குறுக்கே திருப்பிச் சுரண்டி நிற்க வேண்டும். ஓடத் தெரிந்தவருக்கும் நிற்பது புதுப்பாடமே!

அமெரிக்க உளநூல் அறிஞர்கள் தார்ண்டைக்கும் உட்வொர்த்தும் 1901இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. ஒரு துறையிற் பெற்ற பயிற்சி, இரு துறைக்கும் பொதுவான கூறுகள் இருக்கும் அளவுக்கே மற்றதற்கு உதவும் என்பது அவர்கள் முடிவு. தமிழில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வரும். ஆங்கிலத்திலோ அது எழுவாயை அடுத்து வரும். மொழியறிவு துணைசெய்யும், பழக்கம் தடைசெய்யும்.

புளோரிடாவின் எரின் ஜாக்சன் சுமார் நான்கு மாதப் பனிக்கட்டிப் பயிற்சியோடு 2018 ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றார். 500 மீட்டரில் அவருக்குக் கிட்டியது 24ஆம் இடம். சக்கரத்தில் பெயர் பெற்றவர், கடைசி வரிசை மாணவர்போல் அமர்ந்து மீண்டும் பயின்றார். 2022ஆம் ஆண்டு தேர்வு ஓட்டத்தில் கால் இடறி மூன்றாவதாக வர, வாய்ப்புக் கைநழுவியது. அப்போது, அவரைப்போலவே சக்கரத்திலிருந்து வந்த அதே ஊர்த் தோழி பிரிட்டனி போ, தமக்குரிய இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். பெய்ஜிங்கில் ஜாக்சன் 37.04 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே. பின்னர் மற்றோர் இடம் கிடைத்தமையால் போவும் அப்பந்தயத்தில் ஓடினார்.

மாணவர்களே! புதிய பாடத்தைத் தொடங்கும்போது, பழைய பாடத்தில் எது துணைவரும், எதனைப் புதிதாகப் பயில வேண்டும் என்று முதலிற் பிரித்துப் பாருங்கள். முன்னதைத் துணிவோடு பயன்படுத்துங்கள். பின்னதற்குத் தொடக்க மாணவராக அமர நாணாதீர்கள்.