மிஞ்சிய உயிர்கள்

மகாபலிபுரம் போகும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி என்ற இடத்தில் முதலைப் பண்ணை ஒன்று இருக்கிறது. பண்ணை என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோமே தவிர, அதை ஆரம்பித்தவர்கள் வைத்த பெயர் ‘முதலை வங்கி’. வங்கி என்றால் போட்டு வைத்ததைப் பெருக்கி, வேண்டும்போது எடுத்துக் கொடுக்கும் இடமல்லவா? 1976-ம் வருஷத்தில் ரோமுலஸ் விட்டேகரும் அவரைச் சேர்ந்தவர்களும் அதைத் தொடங்கியபோது அந்தப் பெயர் மிகவும் பொருத்தமாகவே இருந்தது. தோலுக்காகச் சுட்டுச் சுட்டு, நம் தேசத்து ஆறுகளிலும் ஏரிகளிலும் முதலை என்ற ஜாதியே இல்லாமல் போய்விடும் என்று பயந்த காலம் அது.

சில வருஷங்களுக்கு முன் என் பெண்ணை அங்கே அழைத்துக் கொண்டு போயிருந்தேன். மணல் திட்டில் முதலைகள் விறகுக் கட்டைகளை அடுக்கினாற்போல ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. “ஏம்ப்பா இதெல்லாம் ஒண்ணு மேலே ஒண்ணு படுத்திருக்கு? இடம் இல்லையா?” என்று கேட்டாள். வெயில் காய்வது அவற்றின் சுபாவம் என்று ஏதோ சொல்லி வைத்தேன். அது பொய் அல்ல. ஆனாலும் முழு உண்மையும் அல்ல என்று பிற்பாடு தெரிந்து கொண்டேன்.

விஷயம் இதுதான்: வங்கி வட்டியிலேயே மூழ்கிப் போய்விட்டது. சதுப்பு நில முதலை ஒரு தடவைக்கு இருபத்தைந்து முப்பது முட்டைகள் இடும். நல்ல தீனியும் பாதுகாப்பும் கிடைத்த அந்த இடத்தில், வருஷத்துக்கு இரண்டு தடவைகூட முட்டையிட்டது. முதலில் குட்டிகளைக் கொண்டுபோய் ஆறுகளிலும் சரணாலயங்களிலும் விட்டார்கள். போகப் போக, விடுவதற்கு இடம் இல்லை. முதலை இருக்கும் நீரில் குளிக்க எந்த ஊர்க்காரன் சம்மதிப்பான்? 1990-களில் சர்க்கார் விடுவதை நிறுத்திவிட்டது. கடைசியில் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தில் ஜாம்நகரில் உள்ள ஒரு காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடு நடந்து, அதை எதிர்த்த வழக்கு 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று.

அழியாமல் காப்பாற்றப் போய், அளவுக்கு மிஞ்சிப் போன கதை இது. மிருகக் காட்சி சாலைகளின் சரித்திரத்தைப் புரட்டினால் இந்தக் கதை உலகம் முழுவதும் நடந்திருப்பது தெரிகிறது. அதில் ஒரு தர்ம சங்கடமும் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு காலத்தில் மிருகக் காட்சி சாலைக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. பிராணிகள் வரும், சில வருஷங்களில் செத்துப் போகும், வேறு வாங்குவார்கள். ஹாம்பர்க் நகரத்து ஹாகன்பெக் குடும்பம் இந்த வியாபாரத்திலேயே பெயர் பெற்றது. யானைக் குட்டி வேண்டும் என்றால் தாயைச் சுட்டு வீழ்த்திக் குட்டியைப் பிடிப்பதுண்டு. காடு வற்றாத கிணறு என்று நினைத்த காலம். 1883-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் காட்சி சாலையில் ஒரு குவாக்கா செத்தது. வரிக்குதிரையைச் சேர்ந்த, பின் பாதியில் வரி இல்லாத தென்னாப்பிரிக்கப் பிராணி அது. உலகத்தில் இருந்த கடைசிக் குவாக்கா அதுதான் என்று அன்று யாருக்கும் தெரியாது. 1914-ல் அமெரிக்காவில் சின்சினாட்டி காட்சி சாலையில் மார்த்தா என்ற புறா செத்தபோது மட்டும் தெரிந்திருந்தது. ஒரு காலத்தில் வானத்தை மறைத்துக் கொண்டு பறந்த ஒரு புறா இனம் அதோடு முடிந்தது.

அப்போதுதான் காட்சி சாலைகளுக்குப் புதிய வேலை ஒன்று வந்தது. வேடிக்கை காட்டுகிற இடம், வம்சத்தைக் காக்கிற இடமாயிற்று. இதற்கு அழகான உதாரணம் பியர் டேவிட் மான். 1865-ல் அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், பீகிங் நகரத்துக்கு அருகில் சீன சக்கரவர்த்தியின் வேட்டைத் தோட்டத்தில் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து இந்த மானைக் கண்டார். காட்டில் அது எப்போதோ ஒழிந்து போயிருந்தது. தோட்டத்தில் இருந்த மந்தையும் 1895-ல் வந்த வெள்ளத்திலும், 1900-ல் நடந்த பாக்ஸர் கலகத்திலும் அழிந்தது. ஆனால் அதற்குள் ஐரோப்பியக் காட்சி சாலைகளுக்குச் சில மான்கள் போயிருந்தன. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பிரபு அங்கும் இங்குமாக இருந்த பதினெட்டு மான்களைச் சேகரித்து, வோபர்ன் என்ற தம் பண்ணையில் விட்டார். உலகத்தில் இன்று உயிரோடு இருக்கும் அந்த ஜாதி மான்கள் எல்லாம் அவற்றின் சந்ததி. 1985-ல் அவை சீனாவுக்கே திரும்பிப் போயின. இப்படிப்பட்ட கதையைப் படித்தால் யாருக்குத்தான் மனம் குளிராது?

ஆனால் பதினெட்டிலிருந்து வம்சத்தை வளர்ப்பது எல்லா ஜாதிக்கும் ஒத்து வராது. 1979-ல் வாஷிங்டன் தேசியக் காட்சி சாலையைச் சேர்ந்த காதரின் ரால்ஸ் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் பழைய பதிவேடுகளை எடுத்து வைத்துக் கொண்டு கணக்குப் பார்த்தார்கள். குளம்புள்ள பிராணிகளில் பதினாறு இனங்களைப் பரிசோதித்ததில், பதினைந்து இனங்களில் நெருங்கிய உறவுக்குள் பிறந்த குட்டிகளே அதிகமாகச் செத்திருந்தன. ஒரே கோத்திரத்தில் கல்யாணம் கூடாது என்று நம் பாட்டிமார் சொன்னதை, இவர்கள் மானுக்கும் ஆட்டுக்கும் கணக்குப் போட்டு நிரூபித்தார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். இதற்குள் காட்டு உயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமும் 1973-ல் கையெழுத்தாகி, 1975-ல் அமுலுக்கு வந்துவிட்டது. நினைத்தபோது காட்டிலிருந்து பிடித்து வர இனி முடியாது. ஆகவே 1981-ல் அமெரிக்காவிலும், 1985-ல் ஐரோப்பாவிலும் காட்சி சாலைகள் ஒன்று சேர்ந்து, ஒவ்வோர் இனத்துக்கும் வம்சாவளிப் புத்தகம் வைத்து, எதற்கும் எதற்கும் ஜோடி சேர்க்கலாம் என்று ஜாதகம் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கின.

ஜாதகப் பொருத்தம் பார்க்கும் வீட்டில், பொருந்தாத ஜாதகமும் இருக்கத்தானே செய்யும்? அங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. மந்தையாக வாழும் பிராணிகளில் பத்துப் பெட்டைக்கு ஒரு கடுவன் போதும். ஆனால் பிறப்பதில் பாதி கடுவன். வளர்ந்துவிட்டால் தகப்பனோடு சண்டை போடும். அண்ணன் தம்பிகள் ஏற்கெனவே நாலு ஊர்களில் இருந்தால், அதே ரத்தம் இன்னும் வேண்டாம் என்று புத்தகம் சொல்லிவிடும். அப்புறம் அந்தக் குட்டி யாருக்கும் வேண்டாத குட்டி.

மாரியஸ் அப்படி ஒரு குட்டி. டென்மார்க் தலைநகரான கோபன்ஹேகனில் 1859-ல் ஏற்பட்ட பழைய காட்சி சாலையில் பிறந்த ஒட்டகச்சிவிங்கி. நோய் நொடி கிடையாது. வயது சுமார் இரண்டு. 2014-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில், அதற்குப் பிடித்தமான ரை ரொட்டியைக் காட்டி வெளியே அழைத்து வந்தார்கள். தின்பதற்காகத் தலையைக் குனிந்தபோது மருத்துவர் சுட்டார். விஷ ஊசி போடாததற்குக் காரணம் உண்டு. போட்டால் இறைச்சி கெட்டுவிடும். பிறகு பார்வையாளர்களின் முன்னிலையில், குழந்தைகளும் பார்த்துக் கொண்டிருக்க, உடலை அறுத்து ஒவ்வோர் அங்கமாக விளக்கிச் சொன்னார்கள். மீந்த இறைச்சி சிங்கத்துக்குப் போயிற்று.

உலகம் கொதித்து எழுந்தது. அதற்கு முன்பே இருபத்தேழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் யார்க்‌ஷயரிலுள்ள ஒரு பூங்கா, தாங்கள் வைத்துக் கொள்வதாகச் சொல்லியிருந்தது. கோபன்ஹேகன் கேட்கவில்லை. அந்தப் பூங்காவில் மாரியஸின் அண்ணனே இருக்கிறான். அங்கே ஓர் இடம் காலி இருந்தால் அது வேறு ரத்தத்துக்குப் போகட்டும் என்றார்கள். காட்சி சாலையின் விஞ்ஞானத் தலைவர் பெங்ட் ஹோல்ஸ்ட் பத்திரிகைக்காரர்களின் முன் நின்று அமைதியாகப் பதில் சொன்னார். வருஷத்துக்கு இருபது முப்பது பிராணிகளை இப்படிக் கொல்கிறோம், ஒளிக்கவில்லை என்றார். அவருக்குக் கொலை மிரட்டல்கள்கூட வந்தன. அடுத்த மாதமே அதே காட்சி சாலை, புதிய ஆண் சிங்கம் வருவதற்காக நான்கு சிங்கங்களைக் கொன்றது.

முதலில் படித்தபோது எனக்கும் அந்த மனிதர்மேல் கோபம்தான் வந்தது. ஆனால் கோபம் ஆறியபின் அவருடைய வாதத்தை யோசித்துப் பார்த்தேன். குட்டி போட்டு வளர்ப்பது மிருகத்தின் வாழ்க்கையில் பெரும் பகுதி. கருத்தடை செய்து அந்த இன்பத்தைப் பறிப்பதைவிட, பிறந்து, தாயோடு வளர்ந்து, காட்டில் பிரியும் வயதில் வலியில்லாமல் சாவது மேல் என்பது அவர்கள் கட்சி. காட்டில் மட்டும் எத்தனை குட்டிகள் பிழைக்கின்றன என்று கேட்கிறார்கள். அமெரிக்கர்கள் மறு கட்சி. பெரும்பாலும் கருத்தடை செய்கிறார்கள். ஆனால் அந்த மருந்தினால் சிங்கம் புலிகளுக்குக் கர்ப்பப்பையிலும் மார்பிலும் கட்டிகள் வந்ததுண்டு. நீண்ட காலம் நிறுத்தி வைத்த பெட்டை பிறகு கருத்தரிக்காமலே போவதும் உண்டு.

அதோடு, கொல்லாத ஊர்களில் மிஞ்சியவை எங்கே போயின என்றும் பார்க்க வேண்டும். 1999-ல் ஸான் ஹோஸே நகரத்துப் பத்திரிகை ஒன்று இதைத் துருவி ஆராய்ந்தது. 1992 முதல் 1998 நடுப்பகுதி வரை அமெரிக்காவின் அங்கீகாரம் பெற்ற காட்சி சாலைகளிலிருந்து வெளியேறிய 19,361 பாலூட்டிகளில், நூற்றுக்கு 38 பங்கு தரகர்களிடமும், ஏலக் கடைகளுக்கும், வேட்டைப் பண்ணைகளுக்கும், பெயர் தெரியாத ஆசாமிகளிடமும் போயிருந்ததாகக் கண்டுபிடித்தது. ரொட்டி கொடுத்துப் பகிரங்கமாகச் சுட்டவனைத் திட்டுகிறோம். பின்வாசல் வழியாக வண்டி ஏற்றி அனுப்பியவனை யாரும் திட்டவில்லை. அவனை யாருக்கும் தெரியாது.

ஜெர்மனி தேசத்தில் சட்டமே இதில் தலையிட்டது. மாக்டபர்க் காட்சி சாலையில் 2008-ல் பிறந்த மூன்று புலிக் குட்டிகளை, தகப்பன் சுத்தமான சைபீரிய ஜாதி அல்ல என்பதற்காகக் கொன்றுவிட்டார்கள். நியாயமான காரணமில்லாமல் பிராணியைக் கொல்லக் கூடாது என்பது அங்கே சட்டம். 2010-ல் நீதிமன்றம் காட்சி சாலைத் தலைவரையும் மற்றவர்களையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. கலப்புப் பிறப்பு சாவதற்குக் காரணம் ஆகாது என்ற அந்தத் தீர்ப்பைப் படித்தபோது, புலியை மட்டும் மனத்தில் வைத்துப் படிக்க என்னால் முடியவில்லை. ஆனால் அதே தேசத்தில் நூரெம்பர்க் காட்சி சாலை 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில், இருபத்தைந்து குரங்குகளுக்காகக் கட்டிய இடத்தில் நாற்பதுக்கு மேல் பெருகிவிட்டன என்று, பன்னிரண்டு பபூன் குரங்குகளைச் சுட்டது. பல வருஷங்கள் வேறு இடம் தேடியும் அகப்படவில்லை என்று சொன்னார்கள்.

நாம் அப்படிச் செய்கிறவர்கள் அல்ல. பஞ்சாபில் சத்பீர் காட்சி சாலையில், சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களோடு நம் நாட்டுச் சிங்கங்கள் கலந்து, பல குட்டிகள் பெருகின. கலப்பு என்று தெரிந்தபின், ஆண்களுக்குக் கருத்தடை செய்துவிட்டு, கிழடு தட்டிச் சாகும் வரை சோறு போட்டார்கள். இதைப் படித்து நான் சற்றுக் கர்வப்பட்டேன். அந்தக் கர்வம் நெடுநேரம் நிற்கவில்லை.

சின்ன வயதில் எங்கள் பாட்டி வீட்டில் சீமைப் பசு ஒன்று இருந்தது. அது கிடாரி போட்டால் வீட்டில் சீம்பால் திரட்டுப் பால் என்று கொண்டாட்டம். காளைக் கன்று போட்டால் பாட்டி முகம் சுருங்கும். ஏருக்கு அந்த ஜாதி உதவாது; பாலும் கொடுக்காது. ஒரு காளைக் கன்றுக்கு நான் பெயர்கூட வைத்திருந்தேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கொட்டில் காலியாக இருந்தது. “சந்தைக்குப் போச்சுடா கண்ணா” என்றாள் பாட்டி. சந்தையில் யார் வாங்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று இரவும் பால் குடித்துவிட்டுத்தான் படுத்தேன். பாட்டி எறும்புக்குக்கூட அரிசி மாவில் கோலம் போட்டவள். அவளும் கெட்டவள் அல்ல, ஹோல்ஸ்டும் கெட்டவர் அல்ல. வித்தியாசம் ஒன்றுதான். அவர் குழந்தைகளை அழைத்து வைத்துக் கொண்டு காட்டினார். பாட்டி நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து அனுப்பினாள்.

ஆனால் ஒளிவுமறைவு இல்லை என்பதாலேயே ஒரு காரியம் நியாயமாகிவிடாது. என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். காட்டில் பிறக்கும் குட்டிக்கு யாரும் பொறுப்பு ஏற்பதில்லை. பிறக்கிறது, பிழைக்கிறது அல்லது சாகிறது. ஆனால் ஜாதகம் பார்த்து, ஜோடி சேர்த்து, இடத்தையும் தீனியையும் கணக்கிட்டு மனிதன் பிறப்பிக்கும் குட்டி அப்படியல்ல. ஆணாகப் பிறந்தால் இடம் இல்லை என்பது முன்கூட்டியே தெரிந்த சங்கதி. தெரிந்து கொண்டே பிறக்க விட்டவர்கள், இரண்டு வருஷம் கழித்து, ‘என்ன செய்வது, மிஞ்சிவிட்டது’ என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மாரியஸ் விஷயத்தில் தப்பு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்ததாக நான் நினைக்கவில்லை. அதற்கும் வெகு நாள் முன்பே நடந்தது. கொல்லத்தான் வேண்டியிருக்கும் சமயங்களும் வரலாம்; நூரெம்பர்க் குரங்குகள் அப்படியோ என்னவோ. ஆனால் அதைத் திட்டத்தின் ஓர் அங்கமாக, வரவு செலவுப் புத்தகத்தின் ஒரு வரியாக எழுதி வைக்கலாகாது.

வடநெம்மேலியில் இப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? சதுப்பு நில முதலை மணலில் குழி தோண்டி முட்டையிட்டதும், அதைத் தோண்டி எடுத்து அழித்து விடுகிறார்கள். குஞ்சு பொரித்தபின் கொல்வதைவிட இது எத்தனையோ மேல். இருந்தாலும் இதிலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. முதலைத் தாய் வெறும் கொடிய ஜந்து என்று நினைக்க வேண்டாம். மணலுக்கு அடியில் குஞ்சுகள் கத்தும் சத்தம் கேட்டதும் குழியைத் திறந்து, அந்தப் பயங்கரமான வாயிலேயே அவற்றை மெதுவாகக் கவ்வி எடுத்துக் கொண்டு போய்த் தண்ணீரில் விடும். அந்தத் தாய்க்கு இப்போது அந்த வேலை இல்லை. நாம் காப்பாற்றியதற்கு அது கொடுக்கும் விலை அது.

என் பெண் இப்போது வளர்ந்துவிட்டாள். அன்று கேட்ட கேள்வியை மறுபடி கேட்டால், வெயில் காய்கிறது என்று சொல்லித் தப்பித்துக் கொள்ள மாட்டேன். “ஆமாம் அம்மா, இடம் இல்லைதான்” என்று சொல்லி, பிறகு இந்தக் கதை முழுவதையும் சொல்வேன். பாட்டி வீட்டுக் காளைக் கன்றின் கதையையும் சேர்த்துத்தான்.