துருவோடு விலைபோன கார்

கார் என்பது ஷோரூம் வாசலைத் தாண்டிய நிமிடமே விலை இறங்கத் தொடங்கும் பொருள். கணக்குப் பதிவியல் புத்தகத்தில் தேய்மானம் பாடத்தைத் திறந்தால், இயந்திரத்துக்கு அடுத்தபடியாக உதாரணத்துக்கு வருவது கார்தான். நேர்கோட்டு முறையில் போட்டாலும் சரி, குறைந்து செல் மதிப்பு முறையில் போட்டாலும் சரி, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அதன் மதிப்பு பழைய இரும்புக் கடைக்காரர் சொல்லும் விலைக்கு வந்து நின்றுவிடும்.

இந்தப் பாடத்தைப் பொய்யாக்கிய ஒரு கார் அமெரிக்காவில் இருக்கிறது. 1974-இல் 6,000 டாலருக்கு வாங்கப்பட்டது. 2020-இல் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இடையில் முப்பது வருடத்துக்கும் மேலாக அது ஓடவே இல்லை! வீட்டு கேரேஜில் சும்மா நின்றது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏல மேடைக்கு வந்தபோது அதன் பெயிண்ட் மங்கி, அங்கங்கே துருப் பிடித்து, இருக்கைகள் பழசாகி இருந்தன. விற்பதற்கு முன் யாரும் அதற்குப் பட்டி பார்த்து புதுப் பெயிண்ட் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அந்த விலை கிடைத்திருக்காது என்பதுதான் விஷயம்.

கதை 1968-இல் வந்த 'புல்லிட்' என்ற ஹாலிவுட் படத்தில் தொடங்குகிறது. இயக்கியவர் பீட்டர் யேட்ஸ். சான் ஃபிரான்சிஸ்கோ நகரப் போலீஸ் அதிகாரி ஃபிராங்க் புல்லிட்டாக ஸ்டீவ் மெக்வீன் நடித்தார். கதை ஒருமுறை பார்த்தால் சரியாகப் புரியாது, இரண்டாம் முறை பார்த்தாலும் கொஞ்சம் குழப்பும். ஆனால் நடுவில் ஏறக்குறைய 11 நிமிடத்துக்கு ஒரு கார் துரத்தல் வரும். பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங்கில் மெக்வீன், கறுப்பு டாட்ஜ் சார்ஜரில் கொலைகாரர்கள். துரத்தல் சூடு பிடித்ததும் பின்னணி இசை நின்றுவிடும். இன்ஜின் உறுமலும் டயர் தேயும் சத்தமும்தான். மேடும் பள்ளமுமான அந்த ஊர்த் தெருக்களில் இரண்டு காரும் பறந்து பறந்து விழும். கூர்ந்து பார்த்தால் நிறையத் தவறுகள் தெரியும். ஒரே பச்சை நிற ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை இரண்டு காரும் திரும்பத் திரும்ப முந்திக்கொண்டே இருக்கும். நான்கு சக்கரம் உள்ள சார்ஜரிலிருந்து நான்குக்கும் அதிகமான வீல் கப்புகள் கழன்று ஓடும்! அப்படியும் சிறந்த படத்தொகுப்புக்கான ஆஸ்கர் விருது இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. பிறகு வந்த கார் துரத்தல் படங்கள் பலவற்றுக்கும் இதுவே இலக்கணம் ஆனது.

படத்துக்காக எடுத்தவை இரண்டு மஸ்டாங்குகள். இரண்டும் 390 கன அங்குல வி-8 இன்ஜின் கொண்ட ஜிடி மாடல். சேஸிஸ் எண்கள் அடுத்தடுத்தவை, ஒன்று 558 என்று முடியும், மற்றது 559. மேக்ஸ் பால்ச்சோவ்ஸ்கி என்ற பந்தயக் கார் மெக்கானிக் இரண்டின் சஸ்பென்ஷனையும் பலப்படுத்திக் கொடுத்தார். பறந்து விழுந்து அடி வாங்கும் வேலை 558-க்கு. மெக்வீன் ஓட்டுவதை அருகிலிருந்து காட்டும் காட்சிகள் பெரும்பாலும் 559-இல். அதற்காக 559-இன் உடம்பில் கேமரா மாட்டும் இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்தார்கள். இந்தத் துண்டுகள் பின்னால் முக்கியமாகப் போகின்றன.

படம் முடிந்ததும் 559-ஐ வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ ஊழியர் ஒருவர் வாங்கிக்கொண்டார். அவரிடமிருந்து நியூஜெர்சியில் ஒரு போலீஸ் துப்பறிவாளரின் கைக்குப் போனது. அவர் 1974-இல் 'ரோடு அண்ட் டிராக்' பத்திரிகையில் விற்பனை விளம்பரம் கொடுத்தார். நியூஜெர்சியிலேயே இன்சூரன்ஸ் துறையில் இருந்த ஒருவர் 6,000 டாலர் கொடுத்து ஓட்டிக்கொண்டு போனார்.

அவர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடவில்லை. வீட்டுக்கு ஒரு கார் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவருடைய மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. மெக்வீன் ஓட்டிய அதே காரில் அந்த அம்மா தினமும் பள்ளிக்கூடம் போய் வந்தார்!

1977 டிசம்பரில் அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஸ்டீவ் மெக்வீன். அந்தக் காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசைப்படுவதாகவும், படத்தில் வந்த நிலையிலேயே அதை வைத்துக்கொள்ள விரும்புவதாகவும், தேவைப்பட்டால் அதேபோன்ற வேறொரு மஸ்டாங் வாங்கித் தருவதாகவும் எழுதியிருந்தார். கூடவே ஒரு வரி, ரொம்பப் பணம் ஆகும் என்றால் வேண்டாம், விட்டுவிடலாம் என்று. உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கிய நடிகர்களில் ஒருவர் பேரம் பேசிய லட்சணம் இது. காரின் சொந்தக்காரர் கொடுக்கவில்லை. 1980 நவம்பரில் மெக்வீன் இறந்துபோனார்.

அதே 1980-இல்தான் காரும் நின்றது. ஓடோமீட்டர் 65,000 மைலைத் தொட்டிருந்தபோது கிளட்ச் போய்விட்டது. கிளட்ச் போவது ஒன்றும் மரண வியாதி அல்ல, ஒரு நல்ல மெக்கானிக் ஷெட்டில் விட்டால் சரியாகிவிடும். ஆனால் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. குடும்பம், வேலை, ஊர் மாற்றம்... அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று வருடங்கள் போயின. குடும்பம் இடம் மாறி மாறிக் கடைசியில் டென்னஸி மாநிலத்தில் குடியேறியது. காரும் கூடவே போனது. வெளியே ரசிகர்கள் அதைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். நசுக்கிப் போட்டுவிட்டார்கள் என்றுகூடப் பேச்சு இருந்தது. வீட்டுக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். இத்தனை வருடம் நின்ற கார் எப்படி உருப்படியாக இருந்தது? சும்மா நிற்பது காருக்கு நல்லதல்ல. டாங்கில் கிடக்கும் பெட்ரோல் கோந்து மாதிரி ஆகி கார்புரேட்டரை அடைத்துவிடும். ரப்பர் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும். எலி வயரைக் கடிக்கும், சீட்டுக்குள் குடும்பம் நடத்தும். ஆனால் இவை எல்லாமே மாற்றக்கூடிய பாகங்கள். மாற்ற முடியாத சேதத்தைச் செய்வது தண்ணீர். தலைக்கு மேல் கூரை, காலுக்குக் கீழே உலர்ந்த தரை, இந்த இரண்டும் இருந்தால் பாதி யுத்தம் முடிந்தது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் நடந்தது. மாநிலம் உருவான 50-ஆம் ஆண்டைக் கொண்டாட, 1957 ஜூன் 15 அன்று ஒரு புத்தம் புதிய பிளைமவுத் பெல்வடேர் காரை நீதிமன்ற வளாகத்தில் கான்கிரீட் பெட்டகம் கட்டிப் புதைத்தார்கள். அணுகுண்டுக்கே தாங்கும் என்று பெருமையாகச் சொல்லப்பட்ட பெட்டகம் அது. 50 வருடம் கழித்துத் திறக்க வேண்டும். 2007-இல் டல்சாவின் மக்கள்தொகை என்னவாக இருக்கும் என்று மிகச் சரியாகக் கணித்தவருக்குக் காரைப் பரிசாகக் கொடுக்க வேண்டும். எதிர்காலத்தில் பெட்ரோலே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று கூடவே பெட்ரோலும் வைத்தார்கள். எல்லாவற்றையும் யோசித்தவர்கள் தண்ணீரை யோசிக்கவில்லை. 2007 ஜூனில் திறந்தபோது பெட்டகத்துக்குள் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வெளியே வந்தது கார் வடிவத்தில் ஒரு துருக்கட்டி. போட்டியில் ஜெயித்தவர் 1979-லேயே இறந்துபோயிருந்தார், பரிசு அவருடைய குடும்பத்துக்குப் போனது. ஒரு நகரமே சேர்ந்து விழா எடுத்துப் பாதுகாத்த கார் வீணாய்ப் போனது. கிளட்ச் மாற்ற நேரமில்லாமல் போட்டுவைத்த கார் பிழைத்தது.

மஸ்டாங்குக்கு வருவோம். 2001-இல் ஃபோர்டு நிறுவனம் 'புல்லிட்' பெயரில் ஒரு சிறப்பு மஸ்டாங்கை வெளியிட்டது. அப்போதுதான் அப்பாவும் மகனும் தங்கள் காரை மறுபடி ஓட வைக்கலாம் என்று பேசத் தொடங்கினார்கள். அதற்குள் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்துவிட்டது. 2014-இல் அவர் காலமானார். காரும் கேரேஜும் மகன் பொறுப்புக்கு வந்தன.

மகன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பல காலமாக எல்லாரும் செய்துவந்த வழி. காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்று, பாடியை இரும்பு தெரியும்வரை சுரண்டு, டிங்கரிங் செய், ஃபேக்டரியில் அடித்ததைவிடப் பளபளப்பாகப் பெயிண்ட் அடி, சீட்டுகளுக்குப் புதுத் துணி போடு. 1970, 80-களில் பழைய கார் கண்காட்சிகளில் பரிசு வாங்கியவை பெரும்பாலும் இப்படிச் செய்த கார்கள்தான். இன்னொன்று, ஓடுவதற்குத் தேவையான இயந்திர வேலையை மட்டும் செய்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் எதையும் தொடாமல் விடுவது.

முதல் வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1968-இல் ஃபோர்டு 3 லட்சத்துக்கும் அதிகமான மஸ்டாங்குகளைத் தயாரித்தது. அவற்றில் எதை எடுத்து அதே பச்சைப் பெயிண்ட் அடித்தாலும் பார்ப்பதற்கு 'புல்லிட்' கார்தான். அப்படிச் செய்த நகல்கள் ஏராளம். இந்த ஒரு காரை மற்ற 3 லட்சத்திலிருந்து பிரித்துக் காட்டுவது என்ன? கேமராவுக்காகப் பற்றவைத்த அந்த இரும்புத் துண்டுகள், படப்பிடிப்புக்காகச் செய்த மாற்றங்கள், அப்படியே இருக்கும் பழைய பெயிண்ட். விவரம் தெரியாத ஒரு டிங்கர் கையில் கிரைண்டர் இருந்திருந்தால் இவற்றை 'சுத்தம்' செய்ய அரை நாள் போதும். பிறகு மிஞ்சுவது சேஸிஸ் எண்ணும் காகிதங்களும்தான்.

மகன் இரண்டாவது வழியை எடுத்தார். இயந்திர வேலை நடந்தது, கார் ஓடியது. மங்கிய பெயிண்டும் துருவும் இருந்தபடியே இருந்தன. ஃபோர்டின் பழைய தயாரிப்புப் பதிவேடுகளோடு எண்கள் ஒப்பிடப்பட்டன. மெக்வீனின் கடிதமும் சாட்சிக்கு வந்தது. அமெரிக்காவில் வரலாற்று முக்கியத்துவம் உள்ள வாகனங்களுக்கு ஒரு தேசியப் பதிவேடு உண்டு, அதன் ஆவணங்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் வைக்கப்படுகின்றன. அதில் இந்தக் கார் 21-ஆவதாகச் சேர்ந்தது. 2018 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில், படத்தின் 50-ஆம் ஆண்டுக்காக ஃபோர்டு கொண்டுவந்த புது 'புல்லிட்' மஸ்டாங்கோடு இந்தப் பழையதும் மேடை ஏறியது. புதுக் காரைவிடப் பழைய காரின் அழுக்கைப் பார்க்கத்தான் கூட்டம் முண்டியடித்தது என்று சொன்னால் மிகையில்லை.

சரி, 558 என்ன ஆனது? அது மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா பகுதியில் கிடந்தது. இன்ஜின் இல்லை, வெள்ளைப் பெயிண்ட் அடிக்கப்பட்டு எலும்புக்கூடாக இருந்தது. அதை வாங்கியவர்கள் 'கான் இன் 60 செகண்ட்ஸ்' படத்தில் வரும் 'எலனோர்' என்ற மஸ்டாங்கின் நகலாக அதை மாற்றத் திட்டம் போட்டிருந்தார்கள். ஒரு படத்தின் அசல் காரை இன்னொரு படத்தின் போலிக் காராக மாற்றப் பார்த்த கொடுமை! நல்ல வேளையாக வேலையைத் தொடங்கும்முன் சேஸிஸ் எண்ணைச் சரிபார்த்தார்கள். 2017-இல் அதுதான் காணாமல் போன ஸ்டன்ட் கார் என்று உறுதியானது.

துருப் பிடித்தால் விலை ஏறும் என்று இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதாரணக் கார் துருப்பிடித்தால் அது துருப்பிடித்த கார்தான். அதை முழுதாகப் புதுப்பிப்பதில் ஒரு தவறும் இல்லை, சொல்லப்போனால் அதுதான் அதற்கு மறுவாழ்வு. அந்தத் துருவும் கீறலும் ஏதாவது ஒரு சம்பவத்துக்குச் சாட்சியாக இருந்தால் மட்டுமே அவற்றுக்கு விலை. இது தெரியாமல், இப்போது நல்ல பெயிண்டைத் தேய்த்து மங்கவைத்து, செயற்கையாகத் துருப்பிடித்த தோற்றம் கொடுக்கிற ஆட்களும் கிளம்பிவிட்டார்கள்.

2020 ஜனவரி 10 அன்று ஃப்ளோரிடாவின் கிசிம்மியில் மீக்கம் நிறுவனம் 559-ஐ ஏலம் விட்டது. 34 லட்சம் டாலருக்குச் சுத்தியல் விழுந்தது, கமிஷன் சேர்த்து 37.4 லட்சம். அதுவரை எந்த மஸ்டாங்கும் தொடாத விலை. 6,000 டாலரை 46 வருடம் கூட்டு வட்டிக்குப் போட்டு 34 லட்சம் ஆக வேண்டுமென்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 15 சதவீதம் கிடைத்திருக்க வேண்டும். எந்த பேங்கும் தராத வட்டி! ஆனால் இந்தக் கணக்கை நம்பி யாரும் பழைய கார் வாங்கி ஷெட்டில் பூட்டிவிட வேண்டாம். 1974-இல் பழைய மஸ்டாங் வாங்கிய மற்றவர்களின் கணக்கையும் சேர்த்துப் போட்டால் சராசரி எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

காரை வாங்கியவர் யார் என்று ஏலத்தன்று அறிவிக்கப்படவில்லை. காரோடு சேர்த்து மெக்வீன் எழுதிய அந்தக் கடிதமும் அவருக்கே போனது.