ஒரு முகவரி, மூன்று பெயர்!

உங்கள் செல்போனில் ஒருமுறை தேடிப் பாருங்கள். 'அண்ணன்', 'முருகன் அண்ணா', 'முருகன் ஆபீஸ்' என்று மூன்று பெயர்கள் இருக்கும். மூன்றுக்கும் நம்பர் ஒன்றுதான்! அதனால் ஒன்றும் குடி முழுகிப்போய்விடாது. ஆனால் இதே கூத்து ஒரு வங்கியின் கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கும் 'ஃபயர்வால்' உள்ளே நடந்தால்?

வியாதி ரொம்பப் பழையது. இன்டர்நெட்டின் தாத்தாவான 'அர்பாநெட்'டில், 1973 வரை, எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன பெயர், என்ன எண் என்ற பட்டியலை ஒவ்வோர் ஊர்க்காரரும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பாதி காலாவதியானது. அந்த வருடம் டிசம்பரில் பீட்டர் டாய்ச் என்பவர், 'இந்த அபத்தத்துக்கு முடிவு கட்டுங்கள்' என்கிற தோரணையில் ஒரு குறிப்பு எழுதினார். அடுத்த மாதமே கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகம், 'பொதுப் பட்டியலை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்' என்று முன்வந்தது. அங்கே எலிசபெத் ஃபைன்லர் (நண்பர்களுக்கு 'ஜேக்') தலைமையில் ஒரு குழு. புதுக் கம்ப்யூட்டரா? அவர்களிடம் சொல்லிப் பதிவு செய்யவேண்டும். ஒரே பேரேடு, ஒரே கணக்குப்பிள்ளை!

கூட்டம் பெருகியபோது அந்தப் பேரேடு மூச்சுத் திணறியது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த 'டி.என்.எஸ்.' வந்து, வெளியுலகத்துக்கு வழி பிறந்தது. ஆனால் வியாதி சும்மா இருக்குமா? மதிலுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மதில் என்றேனே, அதற்கும் ஒரு கதை உண்டு. 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் அவிழ்த்துவிட்ட 'புழு' ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்க, வாசலில் வாட்ச்மேன் வேண்டும் என்று எல்லோருக்கும் உறைத்தது. ஆரம்பகால ஃபயர்வால்களுக்கு வெறும் எண்களாகவே உத்தரவு எழுதினார்கள். படித்தால் தலை சுற்றும். 1994-ல் இஸ்ரேலின் 'செக் பாயின்ட்' கம்பெனி 'ஃபயர்வால்-1' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. எண்ணுக்கு ஒரு பெயர் சூட்டி, மவுஸைத் தட்டினால் போதும். பெரிய சௌகரியம்தான்... வினையும் அங்கேதான்!

நேற்றைய அதிகாரி ஒரு மெஷினுக்கு 'டி.பி.-2' என்று பெயர் வைத்தார். இன்றைக்கு வந்தவர் 'அக்கவுன்ட்ஸ்' என்று தேடுகிறார். கிடைக்கவில்லை. புதுசாக ஒன்றை உண்டாக்குகிறார். இப்போது ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர். சில மென்பொருள்கள் 'இந்த எண் ஏற்கெனவே இருக்கிறதே' என்று எச்சரிக்கும்தான். அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? 'ஓகே'!

சரி, அந்த மெஷினை ஒருநாள் கழற்றிவிடுகிறார்கள். 'அக்கவுன்ட்ஸ்' பெயரில் இருந்த அனுமதிகளைப் பொறுப்பாக நீக்குகிறார்கள். 'டி.பி.-2' பெயரிலான அனுமதி? அது பாட்டுக்குத் திறந்தே கிடக்கிறது. நாளை அதே எண்ணை வேறொரு மெஷினுக்குக் கொடுத்தால், காலி செய்தவரின் சாவி புதுக் குடித்தனக்காரருக்கு ஓசியில் கிடைத்த மாதிரி!

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் அவிஷாய் வூல், நிஜ கம்பெனிகளின் 37 ஃபயர்வால்களைப் பிரித்து மேய்ந்து 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிக்கல் கூடக்கூடத் தப்புகளும் கூடுகின்றன என்பது அவர் கண்டது. சிக்கலை அளக்க அவர் போட்ட கணக்கில் விதிகளின் எண்ணிக்கையோடு, இப்படிப் பெயர் சூட்டிய பதிவுகளின் எண்ணிக்கையும் சேர்த்தி. ஒவ்வொரு இரட்டைப் பதிவும் கணக்கை ஏற்றிவிடுகிறது, பாருங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு பதிவையும் 'முதல் எண் - கடைசி எண்' என்று மாற்றி, வரிசைப்படுத்துங்கள். இரட்டையர்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். ஒருவர் '/24' என்று எழுதியிருப்பார், இன்னொருவர் '0 முதல் 255 வரை' என்று எழுதியிருப்பார். இரண்டும் ஒன்றே. இன்னொரு விபரீதம்... முன்னால் பூஜ்யம் போட்டு '010' என்று எழுதினால், சில மென்பொருள்கள் அதைப் பத்து என்று படிக்காது. எட்டு என்று படிக்கும்!

அப்புறம், எண் ஒன்றாக இருந்தாலே ஆளும் ஒன்று என்று பாயாதீர்கள். '10.' என்று தொடங்கும் எண்களை யார் வேண்டுமானாலும் வீட்டுக்குள் புழங்கலாம் என்று 1990-களிலேயே ஒதுக்கிவிட்டார்கள். மதுரைக் கிளையின் 10.1.1.5 வேறு, கோவைக் கிளையின் 10.1.1.5 வேறாக இருக்கலாம். விசாரித்து, ஒரே மெஷின்தான் என்று உறுதியானால்கூட உடனே அழிக்கக்கூடாது. எந்தெந்த விதிகள் அந்தப் பெயரைப் பிடித்துத் தொங்குகின்றன என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரே பெயருக்கு மாற்றிவிட்டு, கடைசியில்தான் 'டெலிட்' பொத்தானில் கை வைக்கவேண்டும்.