கழுத்தில் கட்டிய எண்

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகிறவர்கள் உச்சிப்புளியைத் தாண்டியதும் ‘மண்டபம் கேம்ப்’ என்ற பெயர்ப் பலகையைப் பார்ப்பார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் இன்று இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் நினைவுக்கு வரும்; அங்கே உள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் நினைவுக்கு வரும். கேம்ப் இவை இரண்டுக்கும் மூத்தது. கண்டிச் சீமைக்குத் தோட்ட வேலைக்குப் போன நம் சனங்களை நிறுத்திவைத்து, நோய் பார்த்து, எண்ணி அனுப்ப இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே நடத்திய கொரண்டைன் முகாம் அது.

தமிழ்நாட்டில் இன்று ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தரப்படும் 12 இலக்க ஆர்.சி.எச். என்ற தாய் சேய் நல எண்ணின் கதையை நான் அந்த முகாமிலிருந்துதான் தொடங்குவேன். அரசாணைகளைப் புரட்டினால் இரண்டுக்கும் ஒட்டுறவு எதுவும் தெரியாது. ஆனால் மருத்துவத்துக்காக ஓர் ஏழைக்கு எண் கொடுத்து, ஊர் விட்டு ஊர் போனாலும் அவரை அடையாளம் காணும் வழக்கம் இந்தக் கரையில் எப்படி வந்தது என்று கேட்டால், பதில் அங்கேதான் இருக்கிறது.

முதலில் எண் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்கள் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் என்று கரைக்கு நடந்து வந்து, தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டுப் பாதையில் மாத்தளை வரை மறுபடியும் நடை. காலராவும் அம்மையும் பட்டினியும் வழி நெடுகக் காத்திருந்தன. அந்தப் பாதையில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. புறப்பட்டவர்களின் கணக்கை யாரும் ஒழுங்காக எழுதிவைக்காதபோது, வந்து சேராதவர்களின் கணக்கு எங்கிருந்து கிடைக்கும்?

1896இல் பம்பாயில் பிளேக் வெடித்ததும் கொழும்பு பயந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு முறை வந்தது. அரசிடம் பதிவு செய்துகொண்ட தோட்டத்துக்கு ஓர் எண். அதன் கீழ் ஆளுக்கு ஓர் எண். இரண்டையும் பொறித்த சிறு தகரத் துண்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். ஆள் சேர்க்கும் கங்காணி தோட்டத்திலிருந்து வாங்கிவந்த துண்டுகளைத் தன் ஊர்ச் சனங்களுக்குக் கொடுத்தார். ரயில் கட்டணம், கப்பல் கட்டணம், சோறு எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத் தோட்டத்தின் பெயரில் பற்று எழுதப்பட்டன. தோட்டம் அதைக் கங்காணியிடம் காட்டியது. கங்காணி தொழிலாளியின் தலையில் கடனாக இறக்கினார்.

1914ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. சனவரியில் பிளேக் கொழும்புக்கே வந்துவிட்டது. பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போகத் தொடங்கியது. பயணம் சுலபமாக ஆக ஆக, நோய் கடந்து வரும் அச்சமும் வளர்ந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த மண்டபம் அந்த வழியின் வாசலாயிற்று. அங்கே சனங்கள் நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டார்கள். அம்மை குத்தப்பட்டது, துணிமணி கிருமிநீக்கம் செய்யப்பட்டது, காய்ச்சல் கண்டவர் பிரிக்கப்பட்டார். நோயைத் தடுத்த ஏற்பாடு என்ற அளவில் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்களை எழுதிய பதிவேட்டின் பயன் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. எண்ணைச் சுமந்தவருக்குத் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் உரிமையில்லை. பெரும்பாலோருக்கு வாசிக்கவும் தெரியாது.

1939இல் இந்திய அரசு இலங்கைக்குத் தோட்டக் கூலிகள் போவதைத் தடை செய்தது. அதே ஆண்டில் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. அதில் தாய் சேய் நலத்துக்கென்று தனி அத்தியாயம் இருந்தது.

பிறகு பல பத்தாண்டுகள் கர்ப்பிணிகளின் கணக்குக்குக் கிராம சுகாதார செவிலியரின் தடித்த பதிவேடுதான் எல்லாமாக இருந்தது. அந்தப் பதிவேட்டுக்கு ஓர் எல்லை உண்டு, தாய்வீடு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் பிறந்தகம் போவாள். கீழக்கரை செவிலியர் எழுதியது தங்கச்சிமடம் செவிலியருக்குத் தெரியாது. இரத்தசோகை என்று ஓரிடத்தில் கண்டது இன்னோரிடத்தில் பிரசவ வலியோடுதான் தெரியவரும். 2008 வாக்கில் பொதுச் சுகாதாரத் துறை, தேசிய தகவல் மையத்தோடு சேர்ந்து உருவாக்கிய ‘பிக்மி’ இணையப் பதிவு இந்த இடைவெளியை அடைக்க வந்தது. இன்று தாய் எங்கே போனாலும் அவளுடைய ஆர்.சி.எச். எண்ணைப் போட்டால் பழைய பதிவு கிடைக்கும்.

ராமேசுவரம் தீவில் இதன் அருமை அதிகம். ராமேசுவரம், பாம்பன் பெண்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் ராமநாதபுரம்தான். 2022 முதல் அங்கே மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கடல் கடக்க ஒரே சாலைப் பாலம். அதனால் வலி வந்தபிறகு யோசிப்பதைவிட, இந்த மாதம் யாருக்கெல்லாம் நாள் நெருங்குகிறது, அவர்களில் யாருக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, யாருக்கு முந்தைய பிரசவம் அறுவை என்று முன்கூட்டியே பிரித்தெடுக்க முடிவது பெரிய விஷயம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் இந்த எண் வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும்.

இந்தக் கடைசி வரியில்தான் எனக்கு மண்டபம் நினைவு வருகிறது. எண் இல்லையென்றால் காரியம் நடக்காது என்ற நிலை வந்தால், பதிவு செய்யத் தவறிய ஏழைத் தாய்தான் முதலில் அலைவாள். செவிலியரும் நோயாளியோடு செலவிட வேண்டிய நேரத்தைக் கணினியோடு செலவிடுவார். இதற்கெல்லாம் பதில் எண்ணை ஒழிப்பதென்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் கணினியில் ஏறிய அத்தனையையும், அபாயம் இருந்தால் அது என்ன, எந்த மருத்துவமனைக்கு எந்த வாரம் போகவேண்டும் என்பது உட்பட, தமிழில் அச்சிட்டு அந்தத் தாயின் கையில் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.