நண்பராக நுழைந்த துறவி: சீனாவில் மத்தேயோ றிச்சி

சீனப் பெருநிலத்தின் தென்கரைக்கு அப்பால் சாங்சுவான் என்றொரு சிறு தீவு உண்டு. 1552 ஆம் ஆண்டு டிசெம்பர் 3 ஆம் திகதி, சீனாவுக்குள் தம்மை இரகசியமாக அழைத்துச் செல்வதாக வாக்களித்த படகை எதிர்பார்த்துக் காத்திருந்த நிலையிலேயே, காய்ச்சலுற்றுப் புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கு உயிர்நீத்தார். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றி, மன்னாருக்கும் குருவொருவரை அனுப்பிவைத்தவர் என்ற வகையில் அவர் நம்மவர்க்குப் புதியவரல்லர். கீழைத்தேசம் முழுவதும் சுற்றிவந்த அவருக்குச் சீனாவின் கதவு மட்டும் இறுதிவரை திறக்கவில்லை.

அவர் இறப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்னர், ஒக்டோபர் 6 ஆம் திகதி, இத்தாலியின் மச்சராத்தா நகரில் மருந்து வணிகர் ஒருவரின் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. மத்தேயோ றிச்சி என்ற அந்தக் குழந்தையே, சவேரியாரால் காண முடியாத பீஜிங் நகருக்குள் 49 ஆண்டுகள் கழித்துச் சென்று குடியமர்ந்தது. பீரங்கிகளைக் காட்டி அவர் உள்ளே போகவில்லை. வணிகச் சரக்கைக் காட்டியும் போகவில்லை. நண்பர்களைத் தேடிக்கொண்டு போனார். அந்த நட்பு எத்தகையது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கோவாவும் கொச்சியும்

சட்டம் பயில்வதற்கென மகனை 1568 இல் உரோமாபுரிக்கு அனுப்பினார் தந்தை. மகனோ 1571 இல் இயேசு சபையில் சேர்ந்தார். உரோமைக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்தவர், கிரெகோரியன் நாட்காட்டியை உருவாக்குவதில் பெரும்பங்கு வகித்த கிறிஸ்தோபர் கிளாவியுஸ். இந்த ஆசிரியரிடம் பெற்ற கல்வியே பின்னாளில் சீனாவில் மாணவருக்குக் கைகொடுத்தது.

1578 மார்ச் மாதம் லிஸ்பனில் கப்பலேறிய றிச்சி, செப்டெம்பர் 13 ஆம் திகதி கோவாவை அடைந்தார். அடுத்த மாதம் 20 ஆம் திகதி கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூலாகிய அது தமிழ் நூல் என்பதும், அதனை ஆக்கிய ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாரும் இயேசு சபையினரே என்பதும் நாம் அறிந்தவை. உள்ளூர் மொழியைக் கற்று, அந்த மொழியிலேயே நூல் செய்தல் வேண்டும் என்ற எண்ணம் அச்சபையில் வேர்விட்டுக்கொண்டிருந்த காலம் அது.

கோவாவிலும் கொச்சியிலும் றிச்சி மொழி கற்பித்தார். 1580 இல் கொச்சியில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவருடைய இந்திய வாழ்வில் ஒரு செய்தி கவனத்துக்குரியது. கோவாக் கல்லூரியில் இந்திய மாணவர்கள் மெய்யியலும் இறையியலும் பயிலக்கூடாது என விதிக்கப்பட்டபோது, அதனைக் கண்டித்து 1581 இல் சபைத் தலைவருக்கு அவர் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 29. மேலதிகாரிகளின் முடிவை எதிர்த்து இளங்குரு ஒருவர் எழுதுவது இலகுவான காரியமன்று. அறிவில் ஐரோப்பியரே உயர்ந்தோர் என்ற எண்ணத்துக்கு அவர் இடங்கொடுக்கவில்லை என்பதற்கு இக்கடிதம் சான்று.

பிக்குவின் அங்கியும் அறிஞரின் அங்கியும்

1582 ஓகஸ்ட் மாதம் மக்காவோவில் இறங்கிய றிச்சி, தமக்கு முன்னரே அங்கு வந்து சீனமொழி பயின்றுகொண்டிருந்த மிக்கேலே றுஜியேரியுடன் இணைந்தார். மறு ஆண்டு செப்டெம்பரில், வாங் பான் என்ற அதிகாரியின் அனுமதியுடன் இருவரும் சாவோச்சிங் நகரில் குடியேறினர். தலையை மழித்து, பௌத்த பிக்குகளின் அங்கியை அணிந்திருந்தனர். யப்பானில் பௌத்த துறவிகளுக்கிருந்த மதிப்பைக் கண்டு செய்த ஏற்பாடு அது. ஆனால், மிங் அரசகாலச் சீனாவில் அதிகாரமும் மதிப்பும் கன்பியூசியக் கல்வி கற்றுத் தேர்வில் தேறிய அறிஞர்களிடமே இருந்தன. பிக்குகளை அவர்கள் தமக்குச் சமமாகக் கருதியதில்லை.

சாவோச்சிங் வீட்டுச் சுவரில் தொங்கிய ஐரோப்பிய உலகப்படம் வந்தவர்களையெல்லாம் திகைக்கவைத்தது. தம் நாடே உலகின் பெரும்பகுதி என எண்ணியிருந்தோருக்கு, அது பல நாடுகளுள் ஒன்றாக அங்கே தெரிந்தது. வாங் பான் கேட்டுக்கொண்டதற்கிணங்க 1584 இல் றிச்சி அப்படத்தைச் சீன எழுத்துகளில் வரைந்தார். அவரது படத்தில் சீனா ஓரத்தில் இல்லாமல் நடுப்பகுதிக்கு அருகே வருமாறு அமைந்திருந்தது. உருண்டையான பூமியில் நடு என்பதை எங்கும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் உண்மைக்கும் குறைவில்லை; விருந்தளிப்போர் மனமும் நோகவில்லை.

1589 இல் புதிதாக வந்த ஆட்சியாளர் ஒருவர் அந்த வீட்டைத் தமதாக்க விரும்பியதால், றிச்சி ஷாவோசோ என்ற ஊருக்குப் பெயர நேர்ந்தது. அங்கே தேடிவந்தவர் சூ தாய்சு. உயர் அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்து, சொத்தையெல்லாம் செலவழித்துவிட்டு அலைந்தவர். பாதரசத்தை வெள்ளியாக்கும் வித்தை இந்த அந்நியருக்குத் தெரியும் என்ற வதந்தியை நம்பியே அவர் வந்தார். வித்தை கிடைக்கவில்லை. மாறாக, கணிதமும் யூக்ளிட்டின் முதல் நூலும் சூரியக் கடிகாரம் செய்யும் முறையும் கிடைத்தன. பிக்குவின் அங்கியைக் களைந்து அறிஞரின் உடையை அணியுமாறு றிச்சிக்கு எடுத்துரைத்தவரும் இவரே. றிச்சியும் முடியையும் தாடியையும் வளர்த்து, 1595 இல் பட்டங்கிக்கு மாறினார்.

ஷாவோசோ வாழ்வு துன்பம் நிறைந்தது. உடனிருந்த இளங்குருக்கள் இருவர் அடுத்தடுத்து நோயுற்று இறந்தனர். 1592 இல் கொள்ளையர் வீடு புகுந்தபோது சாளரத்தின் வழியே குதித்துத் தப்பிய றிச்சியின் கால் ஊனமுற்றது. அதன்பின் சீனாவில் அவர் கடந்த தூரம் முழுவதையும் அந்தக் காலுடனேயே கடந்தார்.

நட்பைப் பற்றி ஒரு சிறு நூல்

1595 இல் அதிகாரி ஒருவரின் பரிவாரத்துடன் வடக்கு நோக்கிப் புறப்பட்டபோது, கான் ஆற்றில் படகு கவிழ்ந்து அவருடைய உதவியாளரான இளைஞர் ஒருவர் மூழ்கி இறந்தார். கொரியாவில் யப்பானியரோடு போர் மூண்டிருந்த காலமாதலால், நான்ஜிங்கில் அந்நியருக்கு இடமில்லை என்று திருப்பியனுப்பினர். மனமுடைந்த நிலையில் நான்சாங் நகரை அடைந்தார். ஆனால், அவர் வாழ்வின் திருப்புமுனை அந்நகரிலேயே நேர்ந்தது.

அங்கு அவருடைய நினைவாற்றல் பெரும் வியப்பை ஏற்படுத்தியது. தொடர்பின்றி எழுதப்பட்ட நானூறு, ஐந்நூறு சீன எழுத்துகளை ஒருமுறை வாசித்துவிட்டு, முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒப்புவித்தார் எனக் கடிதமொன்றில் அவரே கூறுகிறார். தேர்வுக்காக ஆண்டுக்கணக்கில் நூல்களை மனனம் செய்த சமூகத்தில் இத்திறமைக்கு எத்தகைய மதிப்பு இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நான்சாங்கில் வாழ்ந்த அரசகுல இளவரசர் ஒருவர், விருந்தொன்றின்போது, உங்கள் நாட்டவர் நட்பைப் பற்றி என்ன கருதுகின்றனர் என்று வினவினார். அதற்கு விடையாக 1595 இல் றிச்சி சீனமொழியில் எழுதியதே நட்பு பற்றிய சிறு நூல். கிரேக்க, உரோமானிய அறிஞரின் கருத்துகளை நினைவிலிருந்து திரட்டிச் சுருக்கமான வாசகங்களாக அமைத்தார். பின்னர் அவை நூறாக வளர்ந்தன. உண்மை நண்பரைத் துன்பத்தில் அறிவது, முகத்துதி செய்வோரை விலக்குவது, நண்பரின் பொருளும் நம்முடையதும் வேறல்ல என்பது போன்றவையே அதன் பொருள். நட்புக்கென ஐந்து அதிகாரங்களை ஒதுக்கிய திருக்குறளைப் பயின்ற நமக்கு இக்கருத்துகள் அந்நியமானவையல்ல. சீனருக்கும் அப்படியே. கன்பியூசிய நெறி வகுத்த ஐவகை உறவுகளுள் அரசன் - அமைச்சன், தந்தை - மகன், கணவன் - மனைவி, மூத்தோன் - இளையோன் என்பவை நான்கும் மேல் கீழ் என அமைந்தவை. ஐந்தாவதாகிய நட்பு ஒன்றே சமமானோரின் உறவு. அந்நியர் ஒருவர் சீனச் சமூகத்தினுள் நுழைவதற்கு இருந்த வாசலும் அதுவே.

அந்த நூலில் கிறிஸ்துவின் பெயர் இல்லை. அது கையிலிருந்து கைக்கு மாறி, பல இடங்களில் அச்சாகி, தாம் செய்த வேறெதனையும்விடத் தமக்கும் ஐரோப்பாவுக்கும் மதிப்பைத் தேடித்தந்ததாக றிச்சி எழுதினார். அரண்மனை அண்ணகர் ஒருவர் வரி என்ற பெயரில் செய்த கொடுமையை எதிர்த்ததற்காக 1601 இல் சிறையிலடைக்கப்பட்ட ஃபெங் யிங்ஜிங் என்ற நேர்மையான அதிகாரி அதற்கு முன்னுரை எழுதினார்.

லி ஜீயின் வினா

1599 இல் நான்ஜிங்கில் குடியமர்ந்த றிச்சியைச் சந்தித்தவர்களுள் ஒருவர் லி ஜீ. ஆசாரவாதிகளைக் கடுமையாகச் சாடிய சிந்தனையாளர் அவர். அதற்காகவே சிறைப்பட்டு, 1602 இல் சிறையிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டவர். றிச்சியின் பண்பையும் அறிவையும் மனமாரப் பாராட்டிய அவர், நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்தில் ஓர் ஐயத்தையும் வெளியிட்டார். இவர் எதற்காக இங்கு வந்திருக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. தமது போதனையை நமது போதனைக்குப் பதிலாக வைக்க வந்திருப்பின் அது பேதைமையாகும், எனவே அதுவாக இருக்கமுடியாது என்பது அவர் கருத்து.

ஆனால், றிச்சி வந்தது அதற்காகவே. கடிகாரமும் உலகப்படமும் கணிதமும் நட்பும் சமயத்துக்கு வழிதிறக்கும் சாதனங்கள் என்பதை அவர் தம் சபையாரிடம் மறைக்கவில்லை. அவ்வாறாயின் அந்த நட்பு ஒரு தந்திரமா? கன்பியூசிய அறிஞரிடம் அத்தனை பணிவு காட்டியவர், பௌத்தத்தைப் பொறுத்தவரை இரக்கமின்றி வாதிட்டார் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். 1603 இல் அவர் வெளியிட்ட சமய நூலில் பௌத்தம் கடுமையாகத் தாக்கப்படுகிறது. அவருடைய நட்புக்கும் எல்லை இருந்தது.

ஆயினும், தந்திரம் என்று மட்டும் கூறித் தள்ளிவிட வரலாறு இடந்தரவில்லை. சூ தாய்சு ஞானஸ்நானம் பெற்றது 1605 இல். முதற் சந்திப்புக்குப் பின் ஏறத்தாழ 16 ஆண்டுகள் சென்றிருந்தன. லி ஜீ கிறிஸ்தவராகவேயில்லை. நான்சாங்கில் றிச்சியை ஆதரித்த முதுபெரும் அறிஞர் சாங் ஹுவாங்கும் ஆகவில்லை. அவர்களுடனான நட்பை றிச்சி முறித்துக்கொண்டதுமில்லை.

பீஜிங்கில் ஒன்பது ஆண்டுகள்

1601 ஜனவரி 24 ஆம் திகதி றிச்சி பீஜிங்கை அடைந்தார். வழியில் அண்ணகர் ஒருவரிடம் மாதக்கணக்கில் அகப்பட்டிருந்தார். பொதிகளில் இருந்த சிலுவையுருவைக் கண்டு, மன்னரைக் கொல்லும் சூனியப் பொருள் என்று அந்த அண்ணகர் கூச்சலிட்டாராம். வான்லி மன்னருக்கு அளித்த பரிசுகளில் அவர் மனத்தைக் கவர்ந்தவை தாமாக மணியடிக்கும் கடிகாரங்கள். அவற்றைப் பழுதுபார்க்க ஆள் தேவைப்பட்டதால் அந்நியர் நகரில் தங்கமுடிந்தது. மன்னரை றிச்சி ஒருநாளும் நேரிற் காணவில்லை. மன்னர் அவர்களது உருவங்களை ஓவியமாகத் தீட்டுவித்துப் பார்த்துக்கொண்டார்.

அவரது வீட்டுக்கு வந்தோர் பலர். 1605 இல் வந்த ஆய் தியான் என்பவர், மரியாளும் குழந்தை இயேசுவும் யோவானும் இடம்பெற்ற ஓவியத்தை வணங்கினார். மூதாதையரை வணங்கும் வழக்கம் எமக்கில்லை, எனினும் இவர்கள் எம் முன்னோர் அல்லவா என்றார். றெபேக்காளும் அவளது பிள்ளைகள் யாக்கோபும் ஏசாவும் என்றே அவர் கருதியிருந்தார். கைஃபெங் நகரில் யூத சமூகமொன்று வாழ்ந்துவருவதை ஐரோப்பா அறிந்தது இந்தச் சந்திப்பின் மூலமே.

றிச்சியின் நெருங்கிய நண்பர்கள் இருவர். ஒருவர் லி ஜீசாவோ. 1602 இல் ஆறு பலகங்களாக வெளிவந்த பெரும் உலகப்படத்தை அச்சிட்டவர். மற்றவர் ஷாங்ஹாயைச் சேர்ந்த ஷூ குவாங்சி. 1603 இல் கிறிஸ்தவராகி, மறு ஆண்டு உயர்தேர்வில் சித்தியடைந்த ஷூ, நாள்தோறும் றிச்சியிடம் வந்தார். றிச்சி வாய்மொழியாகப் பொருள் கூற, ஷூ சீனத்தில் எழுதினார். யூக்ளிட்டின் முதல் ஆறு நூல்கள் 1607 இல் இவ்வாறு வெளிவந்தன. புள்ளி, கோடு, இணைகோடு என்பவற்றுக்கு அவர்கள் அன்று தேர்ந்த சொற்களையே சீனப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் பயில்கின்றனர்.

லி ஜீசாவோவுக்குத் துணைவி ஒருத்தி இருந்தமை ஞானஸ்நானத்துக்குத் தடையாயிற்று. விதியைத் தளர்த்தவும் இல்லை. நண்பரை விலக்கவும் இல்லை. 1610 இல் லி கடும் நோயில் வீழ்ந்தபோது றிச்சியே அருகிருந்து பராமரித்தார். அப்போதே லி ஞானஸ்நானம் பெற்றார். நோயாளி பிழைத்தார், பராமரித்தவர் சில மாதங்களுள், மே 11 ஆம் திகதி, தம் 57 ஆவது வயதில் காலமானார். அப்போது சீனக் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 2500 பேரே.

பின்னர் நேர்ந்தவை

மன்னர் புதைநிலம் வழங்கினார். அந்நியத் துறவி ஒருவருக்கு முன்னர் எவரும் செய்யாத சிறப்பு அது. 1616 இல் நான்ஜிங் அதிகாரி ஒருவர் குருக்களை நாடுகடத்த முற்பட்டபோது, தம் பதவிக்கு நேரக்கூடிய கேட்டினைப் பாராது மன்னருக்கு மனு எழுதி அவர்களுக்காக வாதாடியவர் ஷூ குவாங்சி. நட்பைத் துன்பத்தில் அறியலாம் என்று றிச்சி எழுதியது அவர் இறந்து ஆறு ஆண்டுகளின் பின் மெய்ப்பிக்கப்பட்டது. லி ஜீயின் வினாவுக்கு விடையொன்று உண்டாயின் அது இதுவே எனலாம். தந்திரத்தால் சேர்ந்தவர் எவரும் இறந்துபோன ஒருவருக்காகப் பதவியைப் பணயம் வைப்பதில்லை.

அந்த உறவைக் குலைத்தவர்கள் சீனர் மட்டுமல்லர். கன்பியூசியசுக்கும் மூதாதையர்க்கும் செய்யும் மரியாதை சமய வழிபாடன்று எனக் கொண்டு றிச்சி அனுமதித்த வழக்கங்களை, 1704 இலும் 1715 இலும் திருத்தந்தை 11 ஆம் கிளமெந்து தடைசெய்தார். சினமுற்ற காங்சி மன்னர் கிறிஸ்தவப் போதனையைத் தடைசெய்தார். 1606 இல் மதுரைக்கு வந்து, காவியுடுத்தித் தத்துவபோதகர் எனப் பெயர்பூண்ட றொபேர்ட் டி நொபிலியின் வழிமுறைகளும் இதேபோன்ற சர்ச்சைக்குள்ளாகி, 1744 இல் கட்டுப்படுத்தப்பட்டமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. சீனச் சடங்குகள் மீதான தடை 1939 இலேயே தளர்த்தப்பட்டது. 2022 இல் திருத்தந்தை பிரான்சிஸ் றிச்சியை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

1900 இல் பொக்சர் கிளர்ச்சியின்போது றிச்சியின் கல்லறை சிதைக்கப்பட்டது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் மீண்டும் அழிவுக்குள்ளாகிப் பின்னர் சீரமைக்கப்பட்டது. இலத்தீனிலும் சீனத்திலும் எழுத்துப் பொறித்த நினைவுக்கல்லுடன் அது பீஜிங்கில் நிற்கிறது. அந்த வளவில் இருப்பது கம்யூனிஸ்ட் கட்சி அலுவலர்க்குப் பயிற்சியளிக்கும் கல்லூரி. ஷாங்ஹாயில் ஷூ குவாங்சியின் கல்லறை அவர் பெயராலமைந்த பூங்காவில் இருக்கிறது. இருவரும் எழுதிய நூல் சீனக் கணித வரலாற்றில் ஒரே நூலாகவே பேசப்படுகிறது. இதில் இது றிச்சியுடையது, இது ஷூவுடையது என்று பிரித்துக்காட்ட இன்றுவரை எவராலும் இயலவில்லை.