திருகோணமலையிலிருந்து கண்டிக்குச் சென்ற சேனை

திருகோணமலை நகருக்கும் உள்துறைமுகத்துக்கும் இடையே எழுந்து நிற்கும் மேட்டை ஆங்கிலேயர் ஓர்ஸ் ஹில் என்று வழங்கினர். ஊர் மக்களுக்கு அது உவர்மலை. அம்மேட்டிலிருந்து நோக்குவோர்க்குக் கப்பல்கள் பல ஒருங்கே தங்கக்கூடிய ஆழ்ந்த நீர்ப்பரப்பும், அதனை வளைத்து நிற்கும் குன்றுகளும், தெற்கே கொட்டியாரக் குடாவும் புலனாகும். இத்துறைமுகத்துக்காக ஐரோப்பிய அரசுகள் நெடுங்காலம் பொருதன. 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸ் இதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரான் வந்து, ஒரு வாரத்துக்குள் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். உடன்படிக்கையால் மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்த கோட்டை, 1795 ஆகஸ்டில் மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. கடலில் வலிமை உடையவனுக்குத் திருகோணமலை எளிதில் கிடைத்தது என்பதையே இவை காட்டும்.

ஆனால் துறைமுகத்தைப் பிடிப்பது வேறு. அதற்குப் பின்னால் விரிந்து கிடக்கும் நாட்டைப் பிடிப்பது வேறு. இவ்வேறுபாட்டை ஆங்கிலேயர் உணர்ந்தது 1803ஆம் ஆண்டிலாகும். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

அக்காலத்தில் இலங்கையின் கரையோரம் முழுவதும் ஆங்கிலேயர் கையில் இருந்தது. நடுவே உள்ள மலைநாடு கண்டி மன்னனுக்கு உரியதாயிருந்தது. கொழும்பிலிருந்து திருகோணமலைக்குத் தரைவழியே செல்ல வேண்டுமாயின் கண்டி அரசின் காடுகளைக் கடக்க வேண்டும். இல்லையேல் கடலைச் சுற்றிவர வேண்டும். இது தேசாதிபதி பிரெடெரிக் நோர்த்தின் மனத்தில் முள்ளாய்த் தைத்தது. கண்டியில் 1798ஆம் ஆண்டில் இராஜாதிராஜசிங்கன் இறந்தபின், முதல் அதிகாரமாகிய பிலிமத்தலாவை தம் விருப்பப்படி கண்ணுசாமி என்னும் இளைஞரை அரியணை ஏற்றினார். அவரே ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இறந்த மன்னனின் தேவியருள் ஒருத்தியின் உடன்பிறந்தான் முத்துசாமி அரசுரிமை கோரி, ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். தாம் ஏற்றிய மன்னனைத் தாமே இறக்க எண்ணிய பிலிமத்தலாவை, நோர்த்துடன் இரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். அமைச்சன் ஒருவன் தன் அரசனைக் காட்டிக்கொடுக்க முன்வருங்கால், அவன் புதிய நண்பனையும் ஒருநாள் காட்டிக்கொடுப்பான் என்ற ஐயம் நோர்த்துக்கு ஏனோ தோன்றவில்லை. 1802இல் புத்தளத்து முஸ்லிம் வணிகர்களின் பாக்குப் பொதிகளைக் கண்டி அதிகாரிகள் பறித்தனர். ஈடு கேட்ட நோர்த், அது கிடைக்காது போகவே போர் தொடுத்தார்.

1803 சனவரி இறுதியில் தளபதி மக்டவல் கொழும்பிலிருந்து புறப்பட்டார். பெப்ரவரி முதல் வாரத்தில் கேணல் பார்பட் திருகோணமலையிலிருந்து புறப்பட்டார். இரு படைகளிலும் சேர்ந்து ஏறக்குறைய 3,000 பேர். ஆங்கிலப் பட்டாளத்தார், மலாய் வீரர், இந்தியாவிலிருந்து வந்த பீரங்கி லஸ்கார்கள் எனப் பல இனத்தவர் அதில் இருந்தனர். வழியில் பெரும்போர் எதுவும் நிகழவில்லை. பெப்ரவரி 20, 21ஆம் நாட்களில் இரு படைகளும் கண்டியை அடைந்தபோது நகரில் ஆளில்லை. அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. மன்னன் செல்வங்களை எடுத்துக்கொண்டு ஹங்குரன்கெத்தைப் பக்கம் போய்விட்டான்.

தலைநகரைப் பிடித்தால் நாடு பணியும் என்பது ஐரோப்பியப் போர்நூலின் பாடம். வரி, வழக்கு, ஆணை யாவும் ஒரு நகரத்தில் குவிந்துள்ள நாட்டுக்கே அப்பாடம் பொருந்தும். கண்டி மன்னர்களோ பகைவன் வரும்போது நகரை விட்டு அகல்வதைப் பழக்கமாகவே கொண்டிருந்தனர். இதனை அறிய நோர்த் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 1594இல் போர்த்துக்கேயத் தளபதி பேத்ரோ லோப்பஸ் த சூசா, தோனா கத்தரீனா என்னும் இளவரசியை அரசியாக்கவென்று கண்டி சென்று, தந்துறையில் படையோடு அழிந்தார். 1630இல் ரந்தெனிவலையிலும், 1638இல் கன்னொறுவையிலும் அவ்வாறே போர்த்துக்கேயப் படைகள் மாண்டன. ஒல்லாந்தர் 1765இல் கண்டி நகரைப் பிடித்தும், தங்க முடியாமல் திரும்பினர். இத்தனை சான்றுகளும் கரையோரக் கோட்டைகளின் ஏடுகளிலேயே இருந்தன.

மார்ச்சு 8ஆம் நாள் முத்துசாமிக்கு முடிசூட்டப்பட்டது. முடி சூட்டியவர்களுக்கு அதற்குரிய கூலியும் உண்டு: ஏழு கோறளையையும் மலையரண்கள் இரண்டையும் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுப்பது, கொழும்பிலிருந்து திருகோணமலைக்குச் சாலை அமைப்பதற்கு நிலம் அளிப்பது என்பன உடன்படிக்கையில் இருந்தன. ஆனால் முத்துசாமியைக் காணப் பிரதானிகள் வரவில்லை. குடிகள் நெல் கொண்டுவரவில்லை. அந்நியரின் துப்பாக்கிகளுக்கு நடுவே அமர்ந்திருப்பவனை அரசனென்று வணங்க மலைநாட்டார் ஒருப்படவில்லை. பகைப் படையால் ஆளப்படும் மக்களிடம் தனக்கென ஓர் அரசை உண்டாக்க முனையும் எந்தச் சேனைக்கும் நேரும் இடர்ப்பாடு இது. பொம்மையரசனைக் காக்கப் படை தேவை. படை உள்ளவரை அவன் பொம்மையென்பது எல்லோர் கண்ணிலும் படும்.

படையின் நிலையும் நாளுக்கு நாள் தாழ்ந்தது. கண்டிப் போர்முறையில் எதிரெதிர் நின்று பொரும் அணிவகுப்பு இல்லை. ஒற்றையடிப் பாதைகளில் மரங்களை வெட்டி வீழ்த்துவர், மேட்டிலிருந்து சுடுவர், ஆளொருவன் தோளில் எடுத்துச் செல்லத்தக்க சிறு பீரங்கிகளைப் பாறை மேல் வைத்து வெடித்துவிட்டு அடுத்த மேட்டுக்கு ஓடுவர். ஆங்கிலேயர் வெட்டுக்கிளி என்று பெயரிட்ட இத்துவக்கைச் சிங்களவர் கொடித்துவக்கு என்றனர். போருக்கு அழைக்கப்படும் குடியானவன் 15 நாளுக்குரிய உணவைத் தானே கொண்டுவருவான். தவணை முடிந்ததும் வேறொருவன் அவனிடத்தில் நிற்பான். ஆகவே கண்டிப் படைக்குப் பண்டசாலை வேண்டியதில்லை. ஆங்கிலப் படைக்கோ அரிசியும் சாராயமும் வெடிமருந்தும் கரையிலிருந்து கூலியாள் தலையிலும் பொதிமாட்டு முதுகிலும் வர வேண்டும். முதல் வேட்டுச் சத்தம் கேட்டதும் கூலியாட்கள் சுமையைப் போட்டுவிட்டுக் காட்டில் மறைவர். அவர்களைக் கோழைகள் என்று சில ஆங்கிலேயர் எழுதி வைத்தனர். வலிந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒருவன், தனக்கு உரிமையில்லாத போரில் ஏன் சாக வேண்டும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

சுமப்பவன் ஓடினால் உணவு மட்டும் அழிவதன்று. டூலி தூக்க ஆளில்லாதபோது நோயாளியை எடுத்துச் செல்லவும் இயலாது. நோயோ படை முழுவதும் பரவியது. அக்காலத்தார் காட்டுக் காய்ச்சல் என்றனர். கொசுவினாலேயே மலேரியா பரவுகிறதென்னும் உண்மையை ரொனால்ட் ராஸ் 1897இல் கண்டறியும்வரை அதன் மூலம் எவர்க்கும் தெரியாது. பார்பட் காய்ச்சலுற்று, அவ்வாண்டிலேயே இறந்தார். ஏப்பிரல் முதல் நாள் மக்டவல் படையின் பெரும்பகுதியோடு கொழும்புக்குத் திரும்பினார். கண்டியில் ஏறக்குறைய 300 ஆங்கிலேயரும் 700 மலாய் வீரரும் நிறுத்தப்பட்டனர். மே மாதத்தில் தம்பதெனியாவில் நோர்த்தும் பிலிமத்தலாவையும் சந்தித்து, இனிப் பகையில்லை என்று பேசிக்கொண்டனர். அதே மாதத்தில் ஐரோப்பாவில் பிரான்சுடன் போர் மீண்டும் மூண்டது; சென்னையிலிருந்து உதவிப்படை வருமென்னும் நம்பிக்கையும் குறைந்தது.

சூன் 24ஆம் நாள் விடியுமுன் கண்டியர் தாக்கினர். காவற்படைத் தலைவர் மேஜர் டேவியிடம் எழுந்து நிற்கக்கூடிய ஆங்கில வீரர் மிகச் சிலரே இருந்தனர். மற்றவர் மருத்துவக் கொட்டகையில் கிடந்தனர். மலாய் வீரர்களோ தம் இனத்தார் மன்னனின் படையிலும் இருப்பதைக் கண்டனர்; சிலர் அப்பக்கம் சென்றனர். நோயாளிகளைக் காப்பது, படை ஆயுதத்தோடு திருகோணமலைக்குச் செல்வது என்னும் வாக்கைப் பெற்று டேவி பணிந்தார். அன்று மாலையே திருகோணமலைச் சாலையில் வட்டப்புளுவை என்னுமிடத்தில் மகாவலி கங்கைக் கரையை அடைந்தார்.

கங்கை பெருக்கெடுத்து ஓடியது. திருகோணமலையில் சூன் மாதம் கச்சான் காற்று வீசி நிலம் வறண்டு கிடக்கும் காலம். மலைநாட்டிலோ தென்மேல் பருவமழை பொழியும் காலம். கரையோரத்துப் பஞ்சாங்கம் மலைக்கு உதவாது. தெப்பம் கட்டக் கருவியில்லை; படகு தருவாரும் இல்லை. எந்தத் துறைமுகத்துக்குச் செல்ல அவர்கள் தவித்தார்களோ, அதன் அருகில் உள்ள கொட்டியாரக் குடாவிலேயே அந்த ஆற்றின் நீர் சென்று கலக்கிறது.

முத்துசாமியை ஒப்படைத்தால் ஆற்றைக் கடக்க வழி செய்வதாக மன்னனின் ஆட்கள் கூறினர். டேவி முதலில் மறுத்து, பின்பு இணங்கினார். தம் கையால் முடிசூட்டியவனை ஆங்கிலேயர் பகைவன் கையில் விட்டனர், அவன் கொல்லப்பட்டான். அதன்பின்னும் படகு வரவில்லை. சூன் 26ஆம் நாள் ஆயுதங்களைக் கீழே வைத்த வீரர்கள் இருவர் இருவராக அழைத்துச் செல்லப்பட்டு வெட்டுண்டனர். கண்டியில் விடப்பட்ட நோயாளிகளும் கொல்லப்பட்டனர். போரில் இது எவ்வகையாலும் நியாயம் ஆகாத செயல்; தன் நாட்டைக் காத்தவன் செய்ததென்பதால் அதன் கொடுமை குறையாது. மலாய்த் தலைவர் நூர்தீன் மன்னனின் சேவையில் சேர மறுத்து உயிரிழந்தார். டேவி கைதியாகவே இருந்து கண்டியில் இறந்தார். கழுத்தில் வெட்டுண்டும் இறவாத பார்ன்ஸ்லி என்னும் கோப்ரல் ஊர்ந்தும் நடந்தும் மாத்தளைப் பக்கத்துச் சிறு கோட்டையை அடைந்து செய்தி சொன்னான். அங்கிருந்த கப்டன் மாட்ஜ் தம் சிறு படையுடன் இரவோடிரவாகப் புறப்பட்டுத் திருகோணமலை வந்து சேர்ந்தார்.

வென்றதாக எண்ணிய கண்டியரும் அடுத்து அதே பிழையைச் செய்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு, செப்டம்பரில் மலையிலிருந்து இறங்கிக் கரையோரத்தைத் தாக்கி, ஹங்வெல்லைக் கோட்டையின் முன் முறியடிக்கப்பட்டனர். தன் காட்டில் வெல்லும் படை பிறன் கோட்டை முன் தோற்றது.

1804இல் பல திசையிலிருந்தும் ஒருங்கே கண்டியைச் சூழ ஆங்கிலேயர் திட்டமிட்டு, பின் அதனைக் கைவிட்டனர். மட்டக்களப்பில் இருந்த கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டனுக்குச் சென்ற கடிதம் தெளிவாக இல்லை. அவர் ஏறக்குறைய 300 வீரருடன் செப்டம்பர் 20இல் தனியே புறப்பட்டு, அக்டோபர் 6இல் கண்டியுள் நுழைந்தார். நகர் மீண்டும் வெறுமையாயிருந்தது. வேறு படை எதுவும் வராததைக் கண்டதும், அவர் அங்கே அரசன் எவனையும் ஏற்றவில்லை, காத்திருக்கவும் இல்லை. வழியெல்லாம் பொருதுகொண்டே அக்டோபர் 20இல் திருகோணமலையை அடைந்தார். 1810இல் அவர் வெளியிட்ட நூலில் பெரும் பீரங்கிகளைப் பற்றியதைவிடச் சுமைகாரரையும் உணவையும் நோயாளிகளையும் பற்றிய கவலையே மிகுதி.

1815இல் தேசாதிபதி பிரவுண்ரிக் படை செலுத்தியபோது செய்தி வேறாயிருந்தது. ஜோன் டொய்லி பல்லாண்டு சிங்களம் பயின்று, மலைநாட்டுப் பிரதானிகளோடு ஓலைத் தொடர்பு வைத்திருந்தார். மன்னனின் கொடுமையால் மனைவி மக்களை இழந்த எஹெலெப்பொலை ஆங்கிலேயர் பக்கம் இருந்தார். திருகோணமலை உள்ளிட்ட பல இடங்களிலிருந்து எட்டுப் பிரிவுகள் சென்றன. எதிர்ப்பு மிகச் சிறிதே. பெப்ரவரி 18ஆம் நாள் மன்னனைப் பிடித்துக் கொடுத்தவர் அந்நாட்டு மக்களே. மார்ச்சு 2இல் பிரதானிகள் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான்.

எனினும் 1817இல் ஊவாவில் கிளர்ச்சி எழுந்தபோது, ஒப்பமிட்ட பிரதானிகளுள் சிலரே அதன் தலைமையில் நின்றனர். அதனை அடக்க இந்தியாவிலிருந்து மேலும் படைகள் வரவழைக்கப்பட்டன. வயல்களும் வீடுகளும் எரிக்கப்பட்டன. ஓராண்டுக்கு மேல் பிடித்தது. அதன் பின்னரே, 1820களில், தேசாதிபதி பார்ன்ஸ் மலைநாட்டுக்குச் சாலைகள் வெட்டத் தொடங்கினார்.